கூடத்துக்கு ஒரு ஊது கண்ணாடி: ஃபிரோசாபாத்தா, ஸ்டுடியோவா, முரானோவா, காரைக்குடிப் பழசா?

வீடு கட்டி முடித்தவர்கள், அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசு தேடுகிறவர்கள், "உங்களுக்கு என்ன வாங்கி வரட்டும்?" என்று வெளிநாட்டிலிருந்து கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கையால் ஊதிய கண்ணாடியில் நல்லதாக ஒன்று வேண்டும், எதை வாங்குவது? கடைகளில் ஃபிரோசாபாத் சரக்கு கிடைக்கிறது. வடக்கே கண்ணாடிக் கலைஞர்கள் தங்கள் ஸ்டுடியோவிலிருந்தே விற்கிறார்கள். இத்தாலியில் வெனிஸை ஒட்டிய கண்ணாடித் தீவான முரானோவின் பெயர் எங்கும் அடிபடுகிறது. தஞ்சாவூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் காரைக்குடியில் பழைய சரவிளக்குகளைப் பார்த்துவிடலாம்.

வெண்கலம், பித்தளை என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கைத் தட்டிப் பார்ப்பார்கள், தூக்கிப் பார்ப்பார்கள். சுவாமிமலைச் சிலை என்றால் விரல் நுனியையும் கண் திறப்பையும் பார்த்துவிட்டு, எந்த ஸ்தபதியின் பட்டறை என்று கேட்பார்கள். அதே மனிதர் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தால் பளபளப்பையும் விலைச்சீட்டையும் மட்டும் பார்க்கிறார். காரணம் எளிது. சுவாமிமலையைப் போலக் கண்ணாடிக்கென்று பெயர்பெற்ற ஊர் டெல்டாவில் கிடையாது. வடக்கே அரிக்கமேட்டில் பழங்காலத்தில் கண்ணாடி மணிகள் குவியல் குவியலாகச் செய்யப்பட்டன. ஆனால் அவை பெரும்பாலும் குழாயாக இழுத்து நறுக்கிய மணிகள். ஊதி உருவாக்கும் வேலை வேறு. அது கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனக் கரையோரத்தில் பிறந்தது.

வேறு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான். உருகிய கண்ணாடியைச் சுமார் 1100 டிகிரி செல்சியஸில் இரும்புக் குழலின் நுனியில் சுற்றி எடுக்கிறார்கள். ஊதுகிறார்கள், உருட்டுகிறார்கள், நனைத்த மரக்கரண்டியாலும் இடுக்கியாலும் வடிவம் பிடிக்கிறார்கள். குழலைச் சுழற்றுவதை ஒரு கணம் நிறுத்தினாலும் பொருள் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். இறுகத் தொடங்கினால் மறுபடி உலை வாயில் காட்டிச் சூடேற்ற வேண்டும். சுவாமிமலை ஸ்தபதிக்கு வார்ப்பு முடிந்த பிறகும் நாள்கணக்கில் உளியும் அரமும் பிடித்துத் திருத்த நேரம் உண்டு. ஊதுகிறவருக்கு அது இல்லை. சூடாக இருக்கும்போது எடுத்த முடிவுதான் முடிவு. பிறகு அறுக்கலாம், தேய்க்கலாம், பட்டை தீட்டலாம். வளைவை மாற்ற முடியாது.

எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, யார் செய்தது. பெயர் பெரிதா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைக்கிறதா என்றுதான் பார்க்கச் சொல்கிறேன். "இம்போர்ட்டட்" என்பது பதில் ஆகாது.

இதில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். கையொப்பம் போட்டவரே ஊதியிருக்க வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். உலகத்தில் இன்று அதிகம் பேசப்படும் கண்ணாடிக் கலைஞரான அமெரிக்காவின் டேல் சிஹுலி, 1976இல் நடந்த கார் விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 1979இல் தோள்பட்டை விலகியபின் குழலைப் பிடிப்பதையே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் அவர் வரைந்து, நின்று சொல்லி, குழு ஊதியவை. நம் பட்டறைகளிலும் மெழுகு பிடிப்பவர் ஒருவர், மண் பூசுபவர் ஒருவர், அரம் போடுபவர் ஒருவர்; பலகையில் இருப்பது மூத்தவர் பெயர். அதைக் குறை என்று நாம் சொல்வதில்லை. கண்ணாடிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

இரண்டாவது, கையின் பங்கு எவ்வளவு. பொருளைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். ஊதிய பொருளை முடிக்கும்போது அடியில் ஒரு கோலை ஒட்டிப் பிடித்திருப்பார்கள். அதை உடைத்தெடுத்த இடத்தில் சிறு தழும்போ, அதைத் தேய்த்த வழவழப்பான குழியோ இருக்கும். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நேர்கோடு ஓடினால் அச்சில் வார்த்ததாகவோ அச்சுக்குள் ஊதியதாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். விளிம்பை விரலால் தடவுங்கள்: சூட்டில் முடித்த விளிம்பு உருண்டையாக, சீரற்ற கனத்தோடு இருக்கும். குமிழிகளை நம்ப வேண்டாம். அவற்றை வேண்டுமென்றே போடலாம். வண்ணத்தை உள்ளங்கால் மாதிரி மறைவான இடத்தில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உரிந்து வந்தால் அது மேலே அடித்த பெயின்ட். கண்ணாடியின் உண்மையான நிறம் உருகலிலேயே சேர்ந்தது: கோபால்ட் நீலம் தரும், மாங்கனீசு ஊதா தரும், மாணிக்கச் சிவப்புக்குச் சொற்பத் தங்கமே சேர்ப்பார்கள். சிவப்புக் கண்ணாடியின் விலை ஏன் எகிறுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை: எப்படி ஆறவிட்டார்கள்? ஊதி முடித்த பொருளைச் சுமார் 500 டிகிரியில் உள்ள தனி உலையில் வைத்து, மணிக்கணக்கில், கனமானதென்றால் நாள்கணக்கில், மெல்ல மெல்லச் சூட்டைக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். அப்படிப்பட்ட பொருள் யாரும் தொடாமலே, வாங்கி வந்த சில வாரத்தில் விரிசல் விடக்கூடும். வீட்டிலேயே சோதிக்கலாம். லேப்டாப்பின் எல்.சி.டி. திரையை வெள்ளையாக வைத்து அதன் முன் பொருளைப் பிடியுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸைக் கண்ணுக்கு முன் மெதுவாகச் சுழற்றி, திரை இருட்டாகும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பொருளுக்குள் வெளிச்சத் திட்டுகளோ வானவில் நிறங்களோ பளிச்சென்று தெரிந்தால் இறுக்கம் இருக்கிறது. ஒழுங்காக ஆறிய கண்ணாடி ஏறக்குறைய இருட்டாகவே இருக்கும்.

மீதி இரண்டும் காசுக் கணக்கு. வீட்டுக்கு வந்தபின் அது கேட்கும் செலவு. உடைந்தாலோ விற்க நினைத்தாலோ என்ன ஆகும் என்பது.

ஃபிரோசாபாத்

ஆக்ராவுக்குப் பக்கத்தில் உள்ள இந்த உத்தரப் பிரதேச ஊரை வளையலுக்காக எல்லோருக்கும் தெரியும். ஜாடி, விளக்கு மூடி, தம்ளர், சரவிளக்கின் உறுப்புகள் என்று ஊதிய சரக்கும் அங்கிருந்துதான் பெருமளவு வருகிறது. புவிசார் குறியீடும் உண்டு. தாஜ்மகாலைப் புகையிலிருந்து காக்க 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் அந்த வட்டாரத் தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டியிருந்தது. நீங்கள் வாங்கும் பச்சை ஜாடியின் விலையில் எரிவாயு விலையும் அடக்கம்.

இங்கே ஊதுகிறவரின் பெயர் உங்களுக்குக் கிடைக்காது. அது அவருடைய திறமைக் குறைவு இல்லை. ஒரே வடிவத்தைப் பகலெல்லாம் அலுக்காமல் பிடிக்கும் கை அவருடையது. பல ஸ்டுடியோ கலைஞர்களுக்கு அந்தக் கை வராது. ஆனால் வடிவத்தை முடிவு செய்தவர் அவர் அல்லர், கொள்முதல்காரர். பெரும்பாலும் அச்சுக்குள் ஊதுகிறார்கள். வேலைச் சூழல் பற்றியும் குழந்தைத் தொழிலாளர் பற்றியும் அந்த ஊர் மீது நெடுநாள் விமர்சனம் உண்டு; மொத்தமாக வாங்குகிறவர்கள் விற்பவரிடம் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு ஆறவிடுவதில்தான். மலிவுச் சரக்கில் இது ஆளுக்கு ஆள், உலைக்கு உலை மாறும். டஜன் வாங்கினால் ஒன்றிரண்டு போய்விடும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு விளக்கு மூடி தேவை என்றால் எட்டாக வாங்குவதே புத்திசாலித்தனம், ஏனென்றால் அடுத்த வருடம் அதே நிறச்சாயல் கிடைக்காது.

எப்போது இதுவே சரி? புழங்கும் பொருளுக்கு. திண்ணை விளக்கு, தாழ்வாரத்து மூடிகள், பானகத் தம்ளர், கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுக்கும் சிறு கிண்ணம். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடென்றால் வேறு எதையும் யோசிக்காமல் இதோடு நின்றுவிடலாம். கூடத்தின் நடுவில் வைத்து வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு கலைப்பொருள் வேண்டும் என்றால் இங்கே தேடாதீர்கள்.

பொருட்காட்சிகளில் எரிவாயுச் சுடருக்கு முன் உட்கார்ந்து கண்ணாடித் தண்டை உருக்கி அன்னமும் கப்பலும் செய்து கொடுப்பவர்களையும் இதோடு சொல்லிவிடலாம். அவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் ஆய்வுக்கூடக் குடுவைகள் செய்யும் போரோசிலிகேட். சில நூறு ரூபாய்க்குக் கண்ணெதிரே ஒரு கைவேலையைப் பார்த்து வாங்கும் சந்தோஷம் வேறெங்கும் கிடைக்காது. கொலுவில் வைக்க அருமையான பொருள். அன்னத்தின் கழுத்து மட்டும் முதலில் போகும்.

இந்திய ஸ்டுடியோ கலைஞர்கள்

தொழிற்சாலைக்கு வெளியே, ஒரு கலைஞர் தன் சிறு உலையில் தானே ஊதலாம் என்ற எண்ணமே புதியது. 1962இல் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பட்டறையில்தான் அது உருப்பெற்றது. முதலில் உருக்கிய கலவை ஊதவே வரவில்லை. டொமினிக் லபினோ என்ற ஆராய்ச்சியாளர் தொழிற்சாலைக் கண்ணாடிக் கோலிகளை உருக்கச் சொன்ன பிறகுதான் வேலை ஓடியது. அந்த அலை இந்தியாவுக்குத் தாமதமாக வந்தது. தில்லியில் ரேஷ்மி டே ஊது கண்ணாடிக்கென்றே ஸ்டுடியோ நடத்துகிறார். ஹேமி பாவாவின் பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் அவருடைய புகழ்பெற்ற வேலை அச்சில் வார்த்த கண்ணாடி. ஸ்டுடியோ கண்ணாடி எல்லாமே ஊதியது அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வார்த்த கண்ணாடி தாழ்ந்தது இல்லை, அது சிற்பத்தின் வழி.

விலையைப் பார்த்ததும் பலர் பின்வாங்குவது இங்கேதான். ஃபிரோசாபாத் ஜாடி சில நூறுக்குக் கிடைக்கும்போது இது ஏன் ஆயிரங்களில், பெரியதென்றால் லட்சத்தில் இருக்கிறது? உருக்கு உலையை மாலையில் அணைத்துக் காலையில் ஏற்ற முடியாது. கண்ணாடி உள்ளே இருக்கும்வரை இரவும் பகலும் எரிய வேண்டும், ஒரு பொருள்கூட விற்காத மாதத்திலும். ஊதிய ஒவ்வொன்றும் தேறுவதும் இல்லை. குழலிலிருந்து நழுவியது, ஆறும்போது வெடித்தது, நிறம் ஒத்துவராதது எல்லாம் சேர்ந்துதான் உங்கள் கையில் இருப்பதன் விலை.

கிடைப்பது என்ன? பதில். எந்த வருடம், எந்தக் கண்ணாடி, எத்தனை மணி நேரம் ஆறவைத்தீர்கள், நீங்களே ஊதினீர்களா, குழுவா என்று போன் போட்டுக் கேட்கலாம். நல்ல கலைஞர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். மகிழ்ந்து போய் அரை மணி நேரம் பேசுவார். அடியில் கையொப்பமும் ஆண்டும் பொறித்திருப்பார். உங்கள் கூடத்தின் படத்தை அனுப்பி, முற்றத்து வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று சொன்னால் அதற்கேற்ற நிறத்தில் செய்து தரச் சொல்லவும் முடியும். மற்ற மூன்றிலும் இது நடக்காது.

சங்கடங்களும் உண்டு. சொல்லிச் செய்வதென்றால் முன்பணம், காத்திருப்பு, கைக்கு வரும் பொருள் நினைத்ததிலிருந்து சற்று விலகியிருக்கும் வாய்ப்பு எல்லாம் சேர்ந்து வரும். கண்ணாடியின் உடைவுக்குக் கூரியர் நிறுவனங்கள் பல பொறுப்பேற்பதில்லை. பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டுவதற்கும் காப்பீட்டுக்கும் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். மறுவிற்பனையை எதிர்பார்த்து வாங்காதீர்கள். நம் ஊரில் இதற்குத் தங்கம் மாதிரி எடை போட்டு எடுத்துக்கொள்ளும் கடை கிடையாது.

என் சாய்வு இந்தப் பக்கம்தான், அதை மறைக்கவில்லை. ஒரே ஒரு பொருள் வாங்கப் போகிறீர்கள், அதைப் பல வருடம் பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறீர்கள் என்றால், செய்தவரோடு பேசி வாங்குவதற்கு ஈடு இல்லை. பட்ஜெட் குறைவா? அதே கலைஞரின் சிறிய கிண்ணத்தை வாங்குங்கள். பெரிய, பெயர் தெரியாத ஜாடியைவிட அது மேல்.

முரானோ

1291இல் வெனிஸ் அரசு தன் கண்ணாடி உலைகளையெல்லாம் முரானோ தீவுக்கு மாற்றியது. மர வீடுகள் நிறைந்த நகரில் தீ பிடிக்கும் என்ற பயம் அதற்குச் சொல்லப்படும் காரணம். தொழில் ரகசியம் வெளியே போகாதபடி பிற்பாடு கலைஞர்களையும் அங்கேயே கட்டிப்போட்டார்கள். நூல் நூலாக வெள்ளைக் கோடுகள் சுழலும் ஃபிலிக்ரானா, குறுக்கே நறுக்கிய வண்ணத் தண்டுகளைப் பூப்பூவாகப் பதிக்கும் முர்ரினே, ஒரு நிறத்துக்குள் இன்னொரு நிறம் மூழ்கிக் கிடக்கும் சொம்மெர்ஸோ என்று ஒவ்வொன்றும் பல தலைமுறைப் பயிற்சி. லினோ தலியாபியெத்ரா என்ற முரானோ மூத்தவர் 1979இல் அமெரிக்காவின் பில்சக் கண்ணாடிப் பள்ளிக்குப் போய் இந்த நுட்பங்களைச் சொல்லிக்கொடுத்தபோது சொந்த ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. இன்று உலகெங்கும் ஸ்டுடியோக்களில் அந்த நூல்கோடு சுழல்கிறது என்றால் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. நாதஸ்வரக்காரர் வீட்டுச் சாகித்தியத்தை வெளியாளுக்குச் சொல்லிக்கொடுத்தால் நம் பக்கத்தில் என்ன பேச்சு எழும் என்று எண்ணிப் பார்த்தால் அந்த முணுமுணுப்பு புரியும்.

பெருமை எவ்வளவோ அவ்வளவுக்குப் போலியும் பெருகியிருக்கிறது. "முரானோ ஸ்டைல்" என்ற விலைச்சீட்டு உங்களிடம் உண்மையைத்தான் சொல்கிறது: முரானோவில் செய்யவில்லை. உண்மையானதற்கு "வெட்ரோ ஆர்ட்டிஸ்டிகோ முரானோ" என்ற வணிக முத்திரை உண்டு. அதில் செய்த உலைக்கான குறியீட்டு எண் இருக்கும். வெனிஸ் அடங்கிய வெனெட்டோ மாநில அரசு 1994இல் சட்டம் போட்டு இதைக் கொண்டுவந்தது. நல்ல உலைகள் எல்லாமும் அந்த முத்திரையைப் பயன்படுத்துவதில்லை என்பதால், முத்திரை இல்லாதது எல்லாம் போலி என்று தள்ளவும் முடியாது. அப்போது உலையின் பெயர் போட்ட ரசீதுதான் துணை. அடியில் பொறித்த கையொப்பத்தை மட்டும் நம்பாதீர்கள். பொறிக்கும் ஊசியை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

செலவு விலைச்சீட்டோடு முடிவதில்லை. சுங்க வரி, காப்பீடு, அனுப்பும் கட்டணம், வழியில் உடைந்தால் இத்தாலிக்கு எழுதும் கடிதங்கள். பிள்ளை கையோடு கொண்டுவந்தால் இவற்றில் பாதி குறையும். ஆனால் ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். சுற்றுலாக் கடைகளில் "இன்று மட்டும் பாதி விலை" என்று தோளைத் தட்டிப் பேசுவார்கள். கும்பகோணம் பாத்திரக் கடைத் தெருவில் பேரம் பேசி வளர்ந்தவர்களுக்கு அந்தத் தொனி பழக்கமானதுதான்.

குடும்பத்தில் யாராவது ஐரோப்பாவில் இருக்கிறார்கள், அவர்களே உலைக்குப் போய் ஊதுவதைப் பார்த்து, அங்கேயே ரசீதோடு வாங்குகிறார்கள் என்றால் முரானோ சரி. சென்னையிலோ திருச்சியிலோ மால் கடையில் அந்தப் பெயருக்காக இரட்டை விலை கொடுப்பது என்றால் வேண்டாம். அந்தப் பணத்துக்கு மேலே சொன்ன ஸ்டுடியோ கிண்ணம் வரும்.

காரைக்குடியின் பழைய விளக்குகள்

முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. சரவிளக்கு, எண்ணெய் விளக்கின் புகைக்கூண்டு, நீலமும் சிவப்புமாகத் தொங்கும் குளோப்புகள், மதுக் குப்பிகள். கடைக்காரர் எல்லாவற்றையும் "பெல்ஜியம்" என்பார். சில உண்மையிலேயே பெல்ஜியமாக இருக்கலாம், அங்கே வால் சாந் லாம்பேர் ஆலை 1826 முதல் இயங்கியது. பொஹீமியாவிலிருந்தும் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்தும் வந்தவையும் உண்டு. பர்மிங்ஹாமின் ஆஸ்லர் நிறுவனம் கல்கத்தாவிலேயே கடை வைத்து மகாராஜாக்களுக்கும் ஜமீன்களுக்கும் விற்றது.

ஒரு நுணுக்கம். சரவிளக்கில் ஊதிய பாகம் எது? குளோப்புகளும் நடுத்தண்டை மூடும் உறைகளும் கிண்ணங்களும்தான். தொங்கும் பட்டைக் கற்கள் வார்த்துத் தீட்டியவை. கைவேலைக்காக வாங்குகிறீர்கள் என்றால், ஆயிரம் கல் தொங்கும் விளக்கைவிட ஒற்றைச் சிவப்புக் குளோப் அதிகம் பேசும், விலையும் தாங்கும்.

இங்கே மறைசெலவுதான் முதல் செலவைவிடப் பெரிது. பித்தளைக் கைகளுக்குள் பழைய ஒயரை உருவி மாற்ற வேண்டும். காணாமல் போன கற்களுக்கு ஜோடி தேட வேண்டும். மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் விட்டத்தில் கொக்கி போட்டு எடையைத் தாங்குமா என்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டியே ஆக வேண்டும். புதிய கான்கிரீட் வீட்டின் ஃபால்ஸ் சீலிங் எந்தச் சரவிளக்கையும் தாங்காது. மேலே தளத்தில் பிடிக்க வேண்டும். பழசு போலச் செய்த புதிது நிறைய நடமாடுகிறது. திருகாணிகளைப் பாருங்கள், பள்ளங்களில் அழுக்கு ஒரே சீராகப் படிந்திருந்தால் பூசியது என்று அர்த்தம்.

இரண்டு எச்சரிக்கைகள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின் கீழ் வரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. "அப்பா காலத்துக்குப் பிறகு நான் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்க்கொள்கிறேன்" என்று பிள்ளை சொன்னால் இதைச் சொல்லுங்கள். மற்றது, "கோயிலில் இருந்த விளக்கு" என்று யாராவது காதோடு சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நம் பகுதிக் கோயில்களிலிருந்து போனவை போதும்.

உயரமான கூடம், பழைய வீடு, மின்வேலை தெரிந்த நம்பகமான ஆள் என்று மூன்றும் இருந்தால் மட்டும் இந்த வழிக்கு வாருங்கள்.

ஒரே பார்வையில்

| | ஃபிரோசாபாத் | இந்திய ஸ்டுடியோ | முரானோ | காரைக்குடிப் பழசு |
|---|---|---|---|---|
| செய்தவர் தெரியுமா | தெரியாது | தெரியும், பேசலாம் | ரசீது இருந்தால் உலை தெரியும் | அடிக்குறி இருந்தால் ஆலை தெரியலாம் |
| கையின் பங்கு | உண்டு, பெரும்பாலும் அச்சோடு | முழுதும், வார்ப்பா என்று கேட்கவும் | உலையைப் பொறுத்து | குளோப், கிண்ணம் மட்டும் |
| மறைசெலவு | தானாக விரியும் உருப்படிகள் | பெட்டி, காப்பீடு, காத்திருப்பு | சுங்கம், அனுப்புதல், போலி | ஒயர், கொக்கி, ஜோடிக் கற்கள் |
| உடைந்தால் | வேறு வாங்கலாம், நிறம் மாறும் | அதே போல் வராது, கலைஞரைக் கேட்கலாம் | பெரும்பாலும் இழப்புதான் | உறுப்பை மாற்றலாம் |
| விற்க நினைத்தால் | மதிப்பில்லை | ஆள் தேட வேண்டும் | ரசீது இருந்தால் மதிப்பு | கடைக்காரரே வாங்குவார், குறைத்து |

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அது தட்டைக் கண்ணாடியின் பின்புறம் தலைகீழ் வரிசையில், நுணுக்கத்தை முதலிலும் பின்னணியைக் கடைசியிலும் வைத்துத் தீட்டும் ஓவியம். அருமையான கலை, ஆனால் அதை ஓவியங்களோடு ஒப்பிட வேண்டும்.

நம் ஊர்த் தண்ணீர், காற்று, வெளிச்சம்

எதை வாங்கினாலும் டெல்டா வீட்டில் மூன்று பகைவர்கள் காத்திருக்கிறார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. போர்த் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு படியும். கடைசி அலசலை வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் முடித்து, உடனே மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். படிந்துவிட்ட திட்டுக்கு வினிகர் கலந்த தண்ணீர் போதும். பித்தளை துலக்கும் புளியும் சாம்பலும் கண்ணாடிப் பக்கம் வரக் கூடாது; சாம்பல் கீறும், மேலே தீட்டிய தங்கக் கோடுகளையும் கொண்டுபோய்விடும். ஊது ஜாடியில் பூ வைத்தால் தண்ணீரை வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். ஈரம் கண்ணாடியிலிருந்து காரத்தை மெல்ல இழுத்து உட்புறத்தை மங்கலாக்கும், அந்த மங்கல் கழுவினால் போகாது. எரியும் விளக்கையோ கற்பூரத்தையோ உள்ளே வைக்க வேண்டாம். சாதாரணக் கண்ணாடி அந்தத் திடீர்ச் சூட்டைத் தாங்காது.

காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஜன்னல் கதவு அடித்துக்கொண்டால் ஜாடி நிற்குமா? ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். அடியில் மியூசியங்களில் வைப்பது போல மெழுகுப் பிசின் சிறு உருண்டை வைத்து ஒட்டினால் நகராது, எடுக்கவும் வரும்.

வெளிச்சத்தில் கஞ்சத்தனம் காட்டினால் நீங்கள் வாங்கியது வீண். கண்ணாடியின் நிறம் பின்னாலிருந்து ஒளி வரும்போதுதான் உயிர்பெறும். முற்றத்து வெளிச்சம் பின்னால் விழும் தாழ்வார மாடம் அருமையான இடம். ஷோகேஸ் என்றால் பொருளுக்குப் பின்னால் அல்லது கீழே ஒரு சிறு எல்.இ.டி.; மரப் பலகைக்குப் பதில் கண்ணாடித் தட்டு. இதற்கும் தொகை ஒதுக்குங்கள். கெட்டியான கண்ணாடி உருண்டையை மட்டும் நேர் வெயிலில் வைக்கக் கூடாது. அது லென்ஸாகி எதிரே உள்ள துணியைப் பற்றவைத்துவிடும்.

ஸ்டுடியோ கலைஞரிடம் சொல்லிச் செய்வது என்று முடிவெடுத்தால் ஒரு வார்த்தை: உலை எரியும் நாளும், ஆறும் நாளும், கட்டி அனுப்பும் நாளும் சேர்ந்து நீங்கள் நினைப்பதைவிட நீளும். நவராத்திரிக்குள் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் ஆனி முடிவதற்குள் போன் போட்டுவிடுங்கள். பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். உடைந்திருந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.